எட்டு அங்குலத் தீர்மானம்

மனித குலம் இதுவரை எடுத்திருக்கும் மாபெரும் முடிவுகள் மூன்று. நெருப்பை அணையாமல் பார்த்துக்கொள்வது முதலாவது. சக்கரத்தை வட்டமாகச் செய்வது இரண்டாவது. வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்க எத்தனை அங்குல ஸ்பீக்கர் வைப்பது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் யாரோ கூட்டம் போடாமல், ஆட்சேபணை கேட்காமல், அவசரப்பட்டு முடிவு செய்துவிட்டார்கள். அதன் பலனைத் தீயணைப்புத் துறையும் போக்குவரத்துத் துறையும் இன்றுவரை அனுபவிக்கின்றன. மூன்றாவதாவது முறைப்படி எடுக்கப்பட்டது என்று வருங்காலம் நிம்மதி அடையுமானால், அந்தப் புகழ் முழுவதும் உபகுழு அவர்களையே சேரும்.

'உபகுழு' என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அல்ல. அலுவலகம் இட்டது. பொதுக் கட்டடப் பராமரிப்புத் துறையில் அவர் துணை இயக்குநர். எந்த விஷயம் மேசைக்கு வந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுக்கு ஒரு உபகுழு போட்டுடலாமே" என்பார். மூன்றாம் மாடியில் குழாய் ஒழுகியபோது அதற்கும் ஒன்று போட்டார். குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது, குழாயும் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள்.

அவருடைய மேதைமை குழு போடுவதோடு நின்றுவிடவில்லை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார். அலுவலகச் சுவருக்குப் பாதிப் பேர் நீலம் கேட்டார்கள், பாதிப் பேர் மஞ்சள் கேட்டார்கள். அவர் பச்சை அடித்தார். யாருக்கும் பிடிக்கவில்லை. யாருக்கும் பிடிக்காததால் யாரும் தோற்கவும் இல்லை. அந்தத் துறையில் இன்றைக்கும் எந்த வழக்கும் அப்படித்தான் தீர்கிறது, எல்லோரும் ஒரே அளவு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சமாதானமாக இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு பழைய பாட்டுப்பெட்டி இருந்தது. அவருடைய மனைவி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை பார்க்கிறவர். பகல் முழுக்க யாராவது காதில் கத்திக்கொண்டே இருப்பார்கள், இவர் "புரியுதுங்க, புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, டீ போட்டு, கூடத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சோபாவில் கணவரோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுதான் அவர் நாளிலேயே அவருக்கென்று இருந்த நேரம். கத்தாமல் ஒரு குரல் காதில் விழவேண்டும், அவ்வளவுதான் ஆசை. இரண்டாவது பாட்டு வருவதற்குள் கணவரின் தலை இடப்பக்கமாகச் சாய்ந்து, அவர் தோளில் விழுந்து, மெல்லக் குறட்டை விட ஆரம்பிக்கும். மனைவி அதைத் தட்டிவிட்டதே இல்லை. தோள் மரத்துப்போனாலும் அப்படியே இருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்துவரும் ஒரே கச்சேரி அது.

ஒரு நாள் அந்தப் பெட்டியின் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்தது. கொஞ்ச நாள் பாடகர்கள் எல்லோரும் ஜலதோஷத்தோடு பாடினார்கள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

"ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார் மனைவி. "சின்னதாப் போதும். பாட்டு கேட்டாச் சரி."

உபகுழு கண்ணாடியைக் கழற்றினார். 'ஏதாவது ஒண்ணு' என்கிற சொல் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு துணை இயக்குநரின் வீட்டுக்கு ஏதாவது ஒன்று வருவதா? நாலு அங்குலம் இருக்கிறது, ஐந்தே கால் இருக்கிறது, ஆறரை, எட்டு, பத்து, பன்னிரண்டு எல்லாம் இருக்கிறது. நாடு இத்தனை அளவுகளைக் கண்டுபிடித்திருப்பது எதற்கு? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்திலேயே நடந்தது. உறுப்பினர்கள் இருவர். ஒருவர் மனைவியின் தம்பி. உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர், அவர் கூடத்தில் பாட்டைக் காதால் கேட்பதில்லை, விலா எலும்பால் கேட்பார்கள். இன்னொருவர் மாடி வீட்டுப் பல் டாக்டர். தன் சிகிச்சை அறையின் கூரையில் நாலு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பதித்து, நாள் முழுக்க மெல்லிசை போடுகிறவர். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளி கூட அதைப்பற்றிக் குறை சொன்னதில்லை என்று அவர் கூட்டத்தில் தெரிவித்தார். நோயாளிகள் வாயில் அப்போது என்னென்ன இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. மனைவி 'சிறப்பு அழைப்பாளர்'. அவருக்கு டீ கொடுக்கும் உரிமை உண்டு, வாக்குரிமை கிடையாது.

மச்சினன் பன்னிரண்டு அங்குலத்துக்காகப் பேசினார். "அத்தான், பாட்டுன்னா நெஞ்சுல வந்து குத்தணும். குத்தலைன்னா அது பாட்டு இல்ல, சேதி." ஸ்பீக்கர் பெரிசாக இருந்தால்தான் காற்றை நன்றாகத் தள்ளும் என்றும், காற்றைத் தள்ளாத பாட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்றும் அவர் விளக்கினார். டாக்டர் அதைக் கடுமையாக மறுத்தார். சின்னதில்தான் நுணுக்கம் இருக்கிறது, பெரிய வாய் இருப்பவர்கள் எல்லாம் நன்றாகப் பாடுகிறார்களா என்ன, நான் தினமும் பெரிய வாய்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். மச்சினன் இதைத் தன் வாயைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டார். கூட்டம் சூடு பிடித்தது.

டீத் தட்டோடு நின்ற சிறப்பு அழைப்பாளர் அப்போது குறுக்கிட்டார். "இந்தக் கூடம் எவ்வளவு பெருசுன்னு யாராவது பாத்தீங்களா? இங்க உக்காந்து கை நீட்டினா எதிர்ச் சுவர் தட்டுது. எனக்குப் பாடறவங்க குரல் தெளிவாக் கேட்டாப் போதுங்க."

உபகுழு அன்போடு, ஆனால் உறுதியோடு பதில் சொன்னார். "அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லம்மா."

பிறகு அவர் சரித்திரப் புகழ்பெற்ற அந்தக் கணக்கைப் போட்டார். பன்னிரண்டும் நாலும் பதினாறு. இரண்டால் வகுத்தால் எட்டு. மச்சினனுக்கு நாலு அங்குலம் நஷ்டம், டாக்டருக்கு நாலு அங்குலம் அதிகம். இரு தரப்புக்கும் சரிசமமான வருத்தம் உண்டாகியிருப்பதைக் கண்ணாரக் கண்ட உபகுழு, எட்டு அங்குலம் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார். விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.

கடையில் எந்தச் சிக்கலும் ஏற்படவில்லை. விற்பனையாளர் எட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே உருகிப்போனார். "எட்டுதான் சார். பாட்டுன்னா எட்டுதான்."

"இப்ப முன்னாடி நின்னவர்கிட்ட பத்துதான்னு சொன்னீங்களே?" என்றார் மனைவி.

"அது அவர் வீட்டுக்கும்மா."

"எங்க வீட்டைப்பத்தி நீங்க ஒண்ணும் கேக்கலையே."

"வீடு உங்களுது. அதுல நாங்க தலையிடக் கூடாது இல்லீங்களா."

இந்தப் பண்பாடு உபகுழுவை நெகிழச் செய்தது. தன் அதிகார எல்லையை இவ்வளவு தெளிவாக அறிந்த ஊழியர் தம் துறையில் ஒருவர்கூட இல்லையே என்று அவர் வழி நெடுக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

பெட்டிகள் இரண்டும் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். சோபாவுக்கு எதிரில் அவற்றை நிறுத்தியதும் யாரோ சம்பந்தம் பேச வந்து நிற்கிற மாதிரி இருந்தது. மனைவி ஆசையாக டீயோடு வந்து உட்கார்ந்தார். உபகுழு முதல் பாட்டைப் போட்டார். மத்தளம் முன்னால் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி அதற்குப் பதில் சொன்னது, அலமாரிக்குள் கரண்டிகள் பேசிக்கொண்டன, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் நடுங்கியது. பாடின அம்மாள் மட்டும் எங்கேயோ பின்னால், கூட்டத்தில் வழி கிடைக்காமல் நின்றார்.

"பாடறவங்க எங்கங்க?" என்றார் மனைவி.

வேறு யாராக இருந்தாலும் இந்தக் கூடத்துக்கு இந்தப் பெட்டி பெரிசு என்று சொல்லிவிட்டு, போய் மாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். உபகுழு அப்படி அவசரப்படுகிறவர் அல்ல. அவர் யோசித்தார். எட்டு அங்குலம் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது தவறாக இருக்க முடியாது. ஆனால் இந்தக் கூடத்தை எந்தக் கூட்டமும் தேர்ந்தெடுக்கவில்லை. அது வீட்டோடு வந்தது. ஆகவே தவறு கூடத்துடையது.

அன்றே 'கூடச் சீர்திருத்தம்' தொடங்கியது. கரண்டி அலமாரி நடைக்கு மாற்றப்பட்டது. டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்த கடிகாரம் நீக்கப்பட்டது. கல்யாணப் படம் சட்டகத்தோடு கட்டிலுக்கடியில் குப்புறப் படுக்கவைக்கப்பட்டது. அதைக் கழற்றும்போது மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரெங்கும் கனத்த கம்பளித் துணி ஏறியது. விருந்தினருக்கு வைத்திருந்த மெத்தைகளைச் சுருட்டி மூலைக்கு ஒன்றாக நிறுத்தினார்கள். கதவு விளிம்பில் ரப்பர் ஒட்டினார்கள். கூடத்திலிருந்து வெளியே ஒரு சத்தம் போகாது, வெளியிலிருந்து உள்ளே ஒரு சத்தம் வராது. ஒரு தடவை வாசல் மணி அடித்தது கேட்காமல் மச்சினனே வெகுநேரம் தெருவில் நின்றார்.

அப்புறமும் பாட்டு சரியாக வரவில்லை. உபகுழு அலுவலகத்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ஒலி அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். அதன் சின்னத் திரையில் ஒரு கோடு ஓடும். பாட்டு நன்றாக இருந்தால் கோடு நேராக ஓடவேண்டும் என்பது அவர் கொள்கை. கோடு நேராக ஓடவில்லை. விசாரணையில், மெத்தென்ற சோபா சத்தத்தைக் குடித்துவிடுகிறது என்பது அம்பலமானது. சோபாவை வைக்க வேறு இடம் இல்லாததால் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் ஜன்னலோரமாகப் போட்டார்கள். கூடத்தின் நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, 'உரிய புள்ளி' என்று பெயரிட்டு, அதன்மேல் ஒரே ஒரு மர நாற்காலியைப் போட்டார் உபகுழு.

மனைவி அந்த நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார். "நான் எங்க உக்கார்றது?"

"சுழற்சி முறை. ஒத்தைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படைத் தேதி உனக்கு."

"சேர்ந்து கேக்கறது எப்படிங்க?"

"சேர்ந்து கேட்டா ரெண்டு பேருக்குமே சரியா கேக்காது. தனித்தனியாக் கேட்டா ரெண்டு பேருக்கும் சரியாக் கேக்கும். நீயே சொல்லு, எது நியாயம்?"

நியாயம்தான். மனைவி தினமும் எத்தனையோ பேருக்குச் சொல்கிற வார்த்தையை அன்றைக்குத் தன் வீட்டில் சொன்னார். "புரியுதுங்க" என்றார். அவருக்கு அழுகைதான் வந்தது, ஆனால் கம்பளித் துணி போட்ட கூடத்தில் அழுதால் அதுவும் எடுபடாது என்று தோன்றியதால் டீத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். தன்னுடைய இரட்டைப்படைத் தேதிகளையும் கணவருக்கே விட்டுக்கொடுத்தார். உபகுழு இதைத் தியாகம் என்று பாராட்டினார்.

இனி எல்லா நாளும் அவருடையது. ஆனால் ஒரு விசித்திரம் பாருங்கள், உரிய புள்ளியில் உட்கார்ந்தால் அவருக்கு அந்தச் சாயங்காலத் தூக்கம் வரவில்லை. இரண்டாவது பாட்டில் தலை வழக்கம்போல இடப்பக்கம் சாயும். அங்கே ஒன்றும் இருக்காது. தூக்கிவாரிப்போட்டு நிமிர்வார். இப்படியே நாள்கள் போக, அலுவலகத்தில் எரிந்து விழ ஆரம்பித்தார். குழாய் உபகுழுவையே கலைத்துவிடுவதாக மிரட்டும் அளவுக்குப் போய்விட்டது. காரணத்தை அவர் ஆழ்ந்து ஆராய்ந்தார். மத்தளத்தின் அடி ஓசை இன்னும் போதவில்லை என்று கண்டுபிடித்தார்.

மாபெரும் உண்மை அவருக்கு வெளிப்பட்டது தற்செயலாகத்தான். ஒரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியை நாற்காலியில் வைத்துவிட்டுக் கண்ணாடி துடைக்கத் துணி எடுக்க அறைக்குப் போனார். திரும்பி வந்து நடைப்பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தார். திரையில் கோடு இழுத்துக் கட்டின கொடிக்கயிறு மாதிரி நேராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே நுழைந்தார், கோடு நெளிந்தது. வெளியே வந்தார், நேரானது. மறுபடி நுழைந்தார், மறுபடி நெளிந்தது. ஜன்னலில் இல்லை, அலமாரியில் இல்லை, சோபாவிலும் இல்லை. கோளாறு மனிதனிடம் இருந்தது. சட்டை, தலைமுடி, தொந்தி எல்லாமாகச் சேர்ந்து சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தன. இத்தனை காலமாக இசைக்கு இடைஞ்சலாக இருந்தது கேட்கிறவன்தான் என்பதை உலகத்தில் முதன்முதலாக உணர்ந்தவர் அவர். தம்மையும் விலக்கிக்கொள்ள அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. எத்தனை அதிகாரிகளுக்கு வரும் இந்தப் பெருந்தன்மை?

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை வைக்கப்பட்டது. மச்சினன் வந்தார், டாக்டர் மாடியிலிருந்து இறங்கிவந்தார். மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டுச் சமையலறையில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். உபகுழு உள்ளே போய், தாம் ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பாட்டைப் போட்டுவிட்டு, கால் விரல் நுனியில் நடந்து வெளியே வந்து, ரப்பர் ஒட்டிய கதவைச் சாத்தினார். மூவரும் நடையில் வரிசையாக நின்று, ஜன்னல் வழியாகக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு நேராக ஓடியது.

கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் மெதுவாகக் கேட்டார். "ஆரம்பிச்சாச்சா அத்தான்?"

"முடியப்போகுது" என்றார் உபகுழு.

டாக்டர் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை, அங்கே ஒன்றுமே இல்லை. மூவரும் கை தட்டினார்கள். நெஞ்சில் குத்தவேண்டும் என்றவரும், நுணுக்கம் வேண்டும் என்றவரும் ஒன்றாக நின்று கை தட்டிய அந்தக் காட்சி உபகுழுவின் நிர்வாக வாழ்க்கையின் உச்சம்.

இரண்டாவது பாட்டின்போது மச்சினன் தண்ணீர் குடிக்கப் போனார், திரும்பவில்லை. அவரைப் பார்க்க டாக்டர் போனார், அவரும் திரும்பவில்லை. உபகுழு மட்டும் நடையில் நின்றார். அப்போதுதான் சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கொஞ்சம் தகரச் சத்தம் கலந்த, ஆனால் கண்ணுக்கு எதிரில் நின்று பாடுகிற மாதிரி தெளிவான பெண் குரல். பழைய பெட்டியில் எப்போதும் இரண்டாவதாக வருகிற அந்தப் பாட்டு. யாரும் உத்தரவு போடாமலே அவருடைய தலை இடப்பக்கமாகச் சாய்ந்தது.

அவர் நடந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றார். மேடைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதற்குள் மனைவியின் கைபேசி. அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்த உபாயம் அது. டம்ளருக்குள் வைத்தால் சத்தம் திரண்டு வருமாம். மச்சினன் கதவோரம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், அவர் நெஞ்சில் எதுவும் குத்தவில்லை, ஆனாலும் கண்ணை மூடியிருந்தார். டாக்டர் அங்கே சாத்திவைத்திருந்த ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நாடு கடத்தப்பட்ட சோபாவில் மனைவி. மடியில் கத்தி, பக்கத்தில் காலி இடத்தில் வெங்காயத் தட்டு. இத்தனை மாதத்தில் அவர் முகம் இவ்வளவு தெளிந்து இருந்ததை உபகுழு பார்க்கவில்லை.

மனைவி அவரைப் பார்த்தார். வெங்காயத் தட்டை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு, ஓரமாகக் கொஞ்சம் நகர்ந்து, சோபாவின் அந்தப் பாதியைக் கையால் தட்டித் துடைத்தார். மச்சினனும் டாக்டரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டார்கள்.

உபகுழு ஒரு அடி முன்னால் வைத்தார். இன்னொரு அடி வைத்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அளவு நாடா வெளியே வந்தது.

"அந்த டம்ளர் வாய் எத்தனை அங்குலம்?" என்றார்.

மனைவி எழுந்தார். கைபேசியை டம்ளரிலிருந்து எடுத்தார். டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"இந்தாங்க. அளந்துட்டுக் கழுவி வச்சிடுங்க."

பிறகு கைபேசியை ஒரு செம்புக்குள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். வீட்டில் பாத்திரத்துக்கா பஞ்சம்? பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

உபகுழு ஜன்னல் வெளிச்சத்தில் டம்ளரைப் பிடித்து அளந்தார். மூன்று அங்குலம். எட்டும் மூன்றும் பதினொன்று, இரண்டால் வகுத்தால் ஐந்தரை. அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கூட்டம் எப்போது வைக்கலாம் என்று நிமிர்ந்து கேட்டார். யாரும் திரும்பவில்லை. அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாட்குறிப்பு பார்ப்பதற்காக அறைக்குப் போனார்.

வருங்காலம் அவரைப் போற்றட்டும். பன்னிரண்டை அளந்தார், நாலை அளந்தார், எட்டை அளந்தார், கடைசியில் டம்ளரையும் அளந்தார். தம் தலை சாய்வதற்கென்று ஒருத்தி துடைத்துவைத்த இடத்தை மட்டும் அவர் அளக்கவே இல்லை. அதில் இப்போது மறுபடியும் வெங்காயம் இருக்கிறது.